நொச்சி ஏழின் உறைநிலை

மே 3, சனி

நொச்சி ஏழாம் வெளியீட்டு வேலை இன்று ஆரம்பம். வேலை என்றால் என் வேலை. மற்றவர்களின் வேலை குழுவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு முடிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் இந்த நோட்டைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறார் என்று சந்தேகம். படிப்பதுதான் படிக்கிறார், புரிந்தாவது படிக்கட்டும் என்று எழுதிவைக்கிறேன். நொச்சி ஓர் இயங்குதளம். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் உயிர் கொடுப்பது அது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக்கொள்ளலாம். அதில் எழுத, கேட்க, கணக்குப் போட என்று உள்ள ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதி. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு தன்னார்வலர் பொறுப்பு. இத்தனை பொதியையும் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டி, குறித்த நாளில் ஊருக்கு அனுப்புவது வெளியீட்டுப் பொறுப்பாளர். அது நான். பகலில் கோபிச்செட்டிபாளையத்தில் ஓர் இன்சூரன்ஸ் கிளையில் உதவியாளர். பெயர் யசோதா. நான் பொறுப்பேற்ற பிறகு ஒரு வெளியீடுகூட ஒரு நாள் தாமதமானதில்லை.

இந்தத் தடவை ஒரு விசேஷம். தென்காசிப் பக்கம் பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் அறை திறக்கிறார்கள். நொச்சி ஏழு தமிழில் வாய்விட்டு வாசிக்குமானால் எங்களுடையதை ஏற்பார்களாம். வாசிக்காவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வருடமும் கீபோர்டைத் தடவிப் பார்ப்பதுதான் பாடம். பழைய பேச்சுப் பொதி ஏழில் ஓடாது, ஒலி அமைப்பையே மாற்றிவிட்டோம். புதிய பதிப்பு எழுதித் தர வேண்டியவர் ஞானதுரை. அந்த ஊர்க்காரர்தான். முகம் பார்த்ததில்லை. வீடியோ கூட்டத்துக்கு வந்தாலும் கேமராவைத் திறக்க மாட்டார். அவ்வளவு பெரிய மனுஷர்.

மே 6, செவ்வாய்

குழுவிலிருந்து அறிவழகன் திரையில் போட பதினான்கு வால்பேப்பர் அனுப்பியிருக்கிறார். எல்லாம் சூரியோதயம். இதற்குப் பெயர் பங்களிப்பு.

உறைநிலை மே 20 என்று இருந்தது. உறைநிலை வந்துவிட்டால் அதன் பிறகு ஒரு பொதியும் உள்ளே நுழையக்கூடாது, சோதனை மட்டும்தான். ஆனால் 20ஆம் தேதி பொள்ளாச்சியில் அத்தை மகன் கல்யாணம். மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்த முடியுமா? ஐந்து நாள் முன்னதாக, மே 15க்கே மாற்றிவிட்டேன். காரணம், "தரக் கட்டுப்பாடு." கல்யாணம் என்று போட்டால் எவன் மதிப்பான்?

மே 7, புதன்

லீவு போட்டு அறிவிப்பைத் தயாரித்தேன். வெறும் எழுத்தில் அனுப்பினால் ஒருத்தரும் படிப்பதில்லை என்பது என் நெடுநாள் அனுபவம். ஆகவே படமாகவே செய்துவிட்டேன். பின்னால் பனிமலை, நடுவில் தங்கப் பூட்டு, அதன் மேல் சிவப்பில் "மே 15". மடலில் வேறு ஓர் எழுத்து வைக்கவில்லை, அழகு கெட்டுவிடும்.

"அக்கா, சான்ஸே இல்ல!" என்று இம்தியாஸ் உடனே எழுதினான். சென்னையில் வேலை பார்க்கும் பையன், எங்கள் இணையதளம் அவன் பொறுப்பு. படத்தை அப்படியே தளத்தின் தலையில் ஏற்றிவிட்டான். மற்றவர்களும் அருமை, அற்புதம், அட்டகாசம். ஒருவராவது சரி, பதினைந்துக்குள் முடிக்கிறோம் என்று எழுதினார்களா? இல்லை.

மே 9, வெள்ளி

ஞானதுரையிடமிருந்து மடல். "மேடம், முக்கிய அறிவிப்பு என்று தலைப்பு இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. திரும்ப அனுப்ப முடியுமா?"

எந்தக் காலத்துக் கம்ப்யூட்டரை வைத்திருக்கிறாரோ தெரியவில்லை. படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி அனுப்பினேன்.

மே 10, சனி

"இந்த மடலும் வெறுமையாகவே வந்திருக்கிறது, மேடம்" என்கிறார். ஊரே பார்த்துப் பாராட்டியது இவருக்கு மட்டும் வெறுமையாம். பதில் போடவில்லை. இட்லிக்கு ஊறப்போட வேண்டும்.

மே 15, வியாழன்

கதவைச் சாத்திவிட்டேன். பேச்சுப் பொதி வரவில்லை.

ஒரு போன் இல்லை, தாமதமாகும் என்று ஒரு வரி இல்லை. பார்வையற்ற பிள்ளைகள் அங்கே காத்துக் கிடக்கிறார்கள், இந்த மனிதருக்குக் கொஞ்சமாவது உறுத்த வேண்டாமா? நாமெல்லாம் சேர்ந்து அவர்களுக்கு ஏதோ செய்கிறோம் என்று நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிகிறேன். இவர் என்னடாவென்றால் மாப்பிள்ளை முறுக்கில் இருக்கிறார்.

"ஏம்புள்ள, சம்பளமில்லாத வேலைக்கு இத்தன சாமியாட்டமா?" என்றார் வீட்டுக்காரர். பெயர் நாச்சிமுத்து. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார்.

"செத்த சும்மா இருங்க. உங்களுக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணுந் தெரியாது. பசிக்கறது தெரியுது."

மே 19, திங்கள்

வந்தது பாருங்கள் பேச்சுப் பொதி! உறைநிலை முடிந்து நாலு நாள் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல, "பழைய அறிவிப்பின்படி ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிட்டேன்" என்ற குறிப்போடு. சேவையகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. நான்தானே பூட்டினேன்.

ஒரு நாள் முன்னதாகவாம்! கொழுப்பு!

மே 20, செவ்வாய், பொள்ளாச்சி

பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளிக்கும்போது இம்தியாஸ் போன்.

"அக்கா, பேச்சுப் பொதியை உள்ள விட்டுடலாம்க்கா. விதிவிலக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்குது. நான் இதுவரைக்கும் யாருக்காச்சும் குடுத்திருக்கறனா?"

"ஸ்கூல்ல பிள்ளைங்க…"

"அந்தப் பிள்ளைக மேல அவருக்கு இல்லாத அக்கறை எனக்கு எதுக்கு? நீ வை போனை, பாயசம் வருது."

விதிவிலக்குக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கொடுக்கும் பொறுப்பாளர் தன் கையாலேயே அதை நிறுவிச் சோதித்துப் பார்க்க வேண்டும். யாரோ வாலாட்டியதற்கு நான் ஏன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழக்க வேண்டும்?

கல்யாணம் ஆடம்பரம். மாப்பிள்ளைக்குக் கோட்டு பத்தவில்லை.

மே 22, வியாழன்

ஞானதுரை மடற்குழுவில் எல்லாரும் பார்க்க எழுதியிருந்தார். தேதி மாறியது தனக்குத் தெரியாதாம், தளத்தில் இன்னும் மே 20 என்றுதான் இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். உண்மைதான். மேலே என் படம், கீழே எழுத்தில் பழைய தேதி. இம்தியாஸ் அதை மாற்றவே இல்லை, சோம்பேறி. ஆனால் தலைக்கு மேல் அவ்வளவு பெரிய பூட்டுத் தொங்கும்போது கீழே பொடி எழுத்தைத்தான் படிப்பேன் என்றால் அது வீம்பு.

"அறிவிப்பைக் கண் திறந்து பார்க்கவும்" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். பேச்சுப் பொதியை ஏழாம் வெளியீட்டிலிருந்து முறைப்படி நீக்கினேன். பள்ளிக்கும் வருத்தம் தெரிவித்து மடல் போட்டாயிற்று.

பன்னிரண்டு பேர் என் பதிலுக்குக் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

மே 23, வெள்ளி

மதியம் ஆபீஸுக்கு ஞானதுரை போன் செய்தார். மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது.

மே 24, சனி

நேற்று முழுதாக எழுத முடியவில்லை. மாவைத் துடைக்கவே நேரம் சரியாக இருந்தது. இன்று எழுதுகிறேன்.

ஞானதுரை இம்தியாஸிடம் என் நம்பர் வாங்கியிருக்கிறார். நான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தேன்.

"மேடம், நான் ஞானதுரை பேசுதேன். சாப்பிடுதியளா? அப்பொறம் கூப்பிடட்டுமா?"

"பரவாயில்லைங்க, சொல்லுங்க."

"கண்ணத் தொறந்து பாருன்னு எழுதியிருந்திய. தொறந்துதான் வச்சிருக்கேன். தெரியத்தான் மாட்டேங்கு."

எனக்கு விளங்கவில்லை. "என்னங்க சொல்றீங்க?"

"எனக்குக் கண்ணு தெரியாதுல்லா மேடம். பொறவியிலேயே. அந்தப் பள்ளிக்கூடத்துலதான் நான் வாத்தியாரு. என் கம்ப்யூட்டரு எழுத்த வாசிச்சுச் சொல்லும், படத்தக் கண்டா சத்தங்காட்டாம தாண்டிப் போயிரும். வெறுமையா இருக்குன்னு ரெண்டு தடவ எழுதினேன்லா? நீங்க ரெண்டாந்தடவ என்ன அனுப்புனிய?"

படத்தைப் பெரிதாக்கி அனுப்பினேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். மனிதர் சிரித்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். சிரித்தவரை என்ன செய்வது?

"நான் கெஞ்ச வரல மேடம். எனக்குச் சலுகையும் வேண்டாம். தேதிய எழுத்துல போட்டிருந்தா பதினஞ்சுக்கே முடிச்சிருப்பேன். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். சாப்பிடுங்க." வைத்துவிட்டார்.

பக்கத்து சீட் அம்மா, "என்ன யசோதா, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்றார். என் முகம் அப்படி இருந்ததாம்.

மே 25, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால் தப்பு அவர் மேலும் இருக்கிறது. எனக்குப் பார்வை கிடையாது என்று சேரும்போதே ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே? இத்தனை வருடம் கூட வேலை செய்கிறார், மடல் போடுகிறார், மற்றவர்களின் பொதிகளில் உள்ள வழுக்களை, அதாவது பிழைகளை, எல்லாரையும்விட வேகமாகக் கண்டுபிடிக்கிறார். யாருக்குச் சந்தேகம் வரும்? காலையில் காபி கொடுக்கும்போது வீட்டுக்காரரிடம் இதைத்தான் சொன்னேன்.

"அவரு எதுக்குச் சொல்லோணும்?" என்றார் நாச்சிமுத்து. "நீ உனக்குக் கண்ணு தெரியும்னு எங்காச்சும் எழுதிப் போட்டிருக்கறயா?"

"நீங்க வேற வெந்த புண்ணுல…"

"இல்ல புள்ள, கேக்கறன். குருட்டுப் பசங்களுக்கு நாங்க செய்யறம் நாங்க செய்யறம்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்ச. செஞ்சுக்கிட்டிருந்தது அவரு. நீ போஸ்டர் ஒட்டிக்கிட்டிருந்த."

இந்த ஆள் மோட்டாரைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் என்று நினைத்திருந்தேன். காபி ஆறிப்போனதைக்கூடக் குறை சொல்லாமல் குடித்துவிட்டுக் கடைக்குப் போனார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

பேச்சுப் பொதிக்கு விதிவிலக்குக் கொடுத்துவிட்டேன். மடற்குழுவில் காரணம் எழுத வேண்டும். "தொழில்நுட்பக் காரணம்" என்று அடித்தேன், அழித்தேன். "அறிவிப்பு படமாக இருந்ததால் பேச்சுப் பொதியின் பொறுப்பாளரால் படிக்க இயலவில்லை. தவறு யசோதாவுடையது" என்று அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றுகூட விழவில்லை. பாராட்ட ஓடி வருகிறவர்கள் இதற்கு மட்டும் காணாமல் போய்விடுவார்கள்.

ஞானதுரையின் பதில், "நன்றி. நிறுவிச் சோதிக்கும்போது மானிட்டரை அணைத்துவிட்டுச் செய்யவும்."

மே 27, செவ்வாய்

அணைத்துவிட்டுத்தான் செய்தேன். இதிலென்ன பிரமாதம், நானே கட்டிய வண்டி, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்ற நினைப்பு.

பென் டிரைவைச் செருகி ஆன் செய்தேன். விசிறி ஓடியது. ஒரு குரலும் இல்லை. என்டர் தட்டினேன். இல்லை. மறுபடி தட்டினேன். எதற்குச் சரி என்றேன், எதை அழித்தேன், ஒன்றும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் போன் போட்டேன்.

"இப்ப என்ன மேடம் தெரியுது?"

"ஒண்ணும் தெரியலைங்க."

"எனக்கு ஆறு வெளியீடும் அப்படித்தான். மொதத் திரையில என்ன வச்சிருக்கிய?"

வரவேற்புத் திரை. நான் வரைந்தது. நொச்சிக் கொத்தும் நீலப் பூவும், "தொடர என்டரை அழுத்தவும்" என்ற வரியும் சேர்ந்து ஒரே படம். அடுத்து மொழி தேர்ந்தெடுக்கும் திரை, கொடிகளின் படம். பேச்சுப் பொதி உயிர் பெறுவது எல்லாம் நிறுவி முடித்த பிறகுதான். அதாவது பார்வை உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்துவிட்டால்தான் பேசும்.

"அப்ப இத்தனை நாளா நீங்க எப்படிங்க நிறுவினீங்க?"

"தெருவுல ஒரு மொபைல் கடை இருக்கு. அவன் ஓய்வா இருக்கையில கூட்டியாருவேன். ரெண்டு நாளு நிக்க வைப்பான், மூணாம் நாளு வருவான். நான் எழுதின பொதிய நான் கேக்கணும்னா அவன் வரணும். சில நேரம் 'இதெல்லாம் உமக்கு எதுக்கு சார்'ம்பான்."

இதைப் பற்றி மூன்று வெளியீட்டுக்கு முன்பே வழு எழுதினாராம். தேடி எடுத்தேன். இருக்கிறது. என் கையெழுத்தோடு மூடியிருக்கிறது. "தோற்றம் சார்ந்த சிறு குறை. பிறகு பார்க்கலாம்."

எனக்கு என் மேல் வந்த கோபத்தில் மானிட்டரை ஆன் செய்யவே பிடிக்கவில்லை.

மே 29, வியாழன்

31ஆம் தேதி வெளியீடு. வரவேற்புத் திரையைத் தூக்கி எறிந்து, முதல் நொடியிலிருந்தே பேசும்படி செய்ய வேண்டுமானால் எப்படியும் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். பள்ளியில் திறப்பு விழா ஜூன் 4. ஞானதுரையிடம் கேட்டேன்.

"பேச்சுப் பொதியோட 31க்கே குடுத்திரலாங்களா? யாரையாச்சும் வெச்சு நிறுவிக்கலாமே. விழாவுக்கும் ஆகும்."

"விழாவுக்கு ஆகும் மேடம். அடுத்த வாரம் ஒரு மெஷினு மக்கர் பண்ணுனா எம் பிள்ளைய மொபைல் கடை வாசல்ல போயி நிக்கும். இத்தன வருசமும் நான் நின்னாச்சு. நீங்க எது சரின்னு பாக்கியளோ அதச் செய்யுங்க."

தள்ளிவைத்துவிட்டேன். என் காலத்தில் முதல் தாமதம். உடனே குழுவில் ஆளாளுக்கு உபதேசம். "பெரும்பான்மைப் பயனரை யோசிக்க வேண்டும்" என்றார் அறிவழகன். அவருடைய சூரியோதயங்கள் இரண்டு வாரம் இருட்டில் கிடக்கப் போகின்றனவே என்ற கவலை. "உங்கள் வால்பேப்பரை ஞானதுரையிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள்" என்று எழுதினேன். அடங்கிவிட்டார்.

ஜூன் 1, ஞாயிறு

இம்தியாஸ், ஞானதுரை, நான். மூவரும் மாலைவரை வேலை. கொடிகளை எடுத்தாயிற்று. எதை எழுதினாலும் ஞானதுரை வாசிக்கச் செய்து கேட்டுவிட்டு, "நீட்டி முழக்காதிய மேடம், ரெண்டு வார்த்தையில சொல்லுங்க" என்கிறார். எனக்கே எடிட்டர்! நாச்சிமுத்து பரோட்டா வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 4, புதன்

விழா ஜாம் ஜாம் என்று நடந்ததாம். கம்ப்யூட்டர்களில் ஏதோ பழையதைப் போட்டு வைத்திருந்திருக்கிறார்கள், ஒன்றும் பேசாது. சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டி, ஒரு பட்டனைத் தட்டி, கை தட்டினார். ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்துக் கீபோர்டில் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். "தொழில்நுட்பம் இவர்களின் கண்" என்று ஒருவர் பேசினாராம்.

"பேசுதான்னு ஒருத்தராவது கேட்டாங்களா?" என்றேன்.

"கேக்கல மேடம். சமோசா நல்லா இருந்துச்சு" என்றார் ஞானதுரை.

அந்தப் படம் இன்று மாலைப் பேப்பரிலேயே வந்திருக்கிறது. திரை அணைந்தே இருக்கிறது. அச்சடித்தவனுக்கும் தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

நொச்சி ஏழு வெளியானது. அறிவிப்பு எழுத்தில், நாலே வரி. ஒருவரும் அருமை என்று எழுதவில்லை.

ஜூன் 14, சனி

பள்ளியில் இன்று நிறுவுகிறார்கள் என்று தெரியும். காலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் விடும் நாள் என்பதையே மறந்து, தொட்டி நிரம்பி வாசலெல்லாம் ஆறு. நாச்சிமுத்துவே போய் மூடினார்.

பதினோரு மணி வாக்கில் ஞானதுரை கூப்பிட்டார். "மேடம், ஸ்பீக்கர்ல போட்டு மெஷினுக்குப் பக்கத்துல வைக்கேன். செல்வமேரி பண்ணுதா. எட்டாங்கிளாசு. நான் தள்ளி உக்காந்திருக்கேன், ஒண்ணும் சொல்லித்தர மாட்டேன். நீங்களும் வாயத் தொறக்கக்கூடாது."

விசிறிச் சத்தம். பிள்ளைகள் குசுகுசுவென்று பேசும் சத்தம். பிறகு அந்தத் தகரக் குரல், "நொச்சி. தமிழுக்கு என்டரை அழுத்தவும்."

"ஏட்டி, பேசுதுட்டி!" என்று யாரோ கத்த, ஒரே கூச்சல்.

"சும்மா கெடங்கட்டி, கேக்க விடுங்க." இது செல்வமேரி. டக் என்று என்டர். அது கேட்கக் கேட்க இவள் தட்டிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் தப்பாகத் தட்டி, பின்னால் போய், "இரு, இரு" என்று மெஷினையே அதட்டித் திரும்ப வந்தாள். எனக்கு உதவி செய்ய நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஈரக் கையோடு நாச்சிமுத்து மூச்சுவிடாமல் நின்றார்.

"உங்கள் பெயரை எழுதவும்."

"சார், எம் பேரக் கேக்கு. எழுதட்டா?"

நாற்காலி நகரும் சத்தம், ஞானதுரை இன்னும் தள்ளிப் போகிறார் போல.

ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது. கடைசியில் ஒரு என்டர். "வணக்கம், செலுவ மேரரி. நிறுவல் முடிந்தது."

எனக்குக் கண்ணீர் தாரையாக இறங்கியது, துடைக்கவும் தோன்றவில்லை. நாச்சிமுத்து என் தோளைப் பிடித்தார்.

"எம் பேரே ஒழுங்காச் சொல்லத் தெரியல," என்றாள் செல்வமேரி. "இதுக்கா சார் இத்தன நாளு?"

ஞானதுரை வெடித்துச் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து இருமல் பிடித்துக்கொண்டது. என் வேலையை இவ்வளவு கேவலமாக இதுவரை யாரும் பேசியதில்லை, இவ்வளவு சரியாகவும்தான்.

"குறைன்னா வழு எழுதிப் போடணும்ட்டி. எப்படின்னு சொல்லித்தாரேன்" என்றார் ஞானதுரை. போன் அணைந்தது.

மத்தியானச் சோற்றுக்கு உட்காரும் முன் வழுப் பட்டியலைத் திறந்தேன். புதிதாக ஒன்று வந்திருந்தது, அனுப்பியவர் செல்வமேரி. "என் பெயரைத் தப்பாகச் சொல்கிறது. யார் செய்தது? சீக்கிரம் சரி செய்யவும்."

கடுமையானது என்று குறித்து, சரி செய்யும் பொறுப்பை என் பெயரில் எடுத்துக்கொண்டேன்.